செய்பொருளும் செய்வோன் வினையும்

தீவினை செய்தல் ஆகாதென்பது சிறுமகாரும் அறிந்த செய்தி. தீவினைக்கு இடமாகும் ஒரு பொருளைப் பிறர்க்குச் செய்து கொடுத்துக் கூலி கொள்ளுதல் தீவினையாமோ, ஆகாதோ என்பது கற்றாரையும் மயங்க வைக்கும் வினா. வாள் வடித்த கொல்லனைக் கொலைஞன் என்பாரில்லை. கன்னக்கோலைக் கள்வனுக்கென்றே வடித்துக் கொடுத்தவனைக் குற்றமிலி என்பாருமில்லை. இவ்விரண்டற்கும் இடையே எல்லை யாண்டு வரையப்படுகின்றது? இவ்வினா எமக்கு ஏட்டிலிருந்து எழவில்லை. ஒரு தச்சரது பட்டறையிலிருந்து எழுந்தது. ஆகலின், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே முதற்கண் கூறி, பின்னர்ச் சித்தாந்த நெறிநின்று அதனை ஆராய்வாம்.

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே, மாசிலாமணியீசரும் கொடியிடை நாயகியும் எழுந்தருளிய வடதிருமுல்லைவாயிலில் யாம் உறைகின்றோம். பள்ளியில் எம்மிடம் தமிழ் பயின்ற ஒருவர் இவ்வூரில் தச்சுப் பட்டறை வைத்து நடத்துகின்றார். நாளும் நீறணிந்து, திருமுறை ஓதிய பின்னரே உளி எடுப்பவர். ஐவர் அவரிடம் வேலை செய்கின்றனர். ஐப்பசித் திங்களில் ஒருநாள் மாலை, சுருட்டிய வரைபடம் ஒன்றைக் கையிற்கொண்டு எம் இல்லம் போந்தார். பூவிருந்தவல்லிப் பக்கத்தில் தோட்டத்தொடு புதுமனை எடுத்த செல்வர் ஒருவர், நண்பரொடு அமர்ந்து மதுவருந்துதற்கு அத்தோட்டத்தில் ஒரு மேடை அமைத்துத் தருமாறு கேட்டு, முன்பணமும் கொடுத்திருந்தார். ‘பார்’ என்று இக்காலத்தார் வழங்குவது அது. மேலைநாட்டு மதுச்சாலைகளில் விற்போனையும் குடிப்போனையும் பிரித்து நின்ற தடுப்புக் கட்டையின் பெயரே நாளடைவில் மேடைக்கும் இடத்துக்கும் பெயராயிற்று. பெயர் தடுப்பாயினும் அஃது எவரையும் தடுப்பதில்லை.

வரைபடத்தை எம்முன் விரித்தார். தொழிலில் அவர்க்குள்ள நுண்மை அதிற் புலனாயிற்று. மேடையின் உயரம் 42 அங்குலம்; அதன்முன் இடப்படும் இருக்கைகள் 30 அங்குலம்; முழங்கால் இடிபடாதவாறு மேற்பலகை 10 அங்குலம் முன்னே நீண்டிருக்கும்; கால் வைத்துக்கொள்ளத் தரையினின்று 8 அங்குல உயரத்தில் ஒரு பித்தளைக் குழாய் ஓடும். வெட்டவெளியில் நிற்பதாகலின் மேலே கருங்கற் பலகை; மழைநீர் தேங்காது வழிய அதற்குச் சிறிது சாய்வு; உடலெல்லாம் தேக்கு; மரக்கால்கள் மண்ணிற் படிந்து கறையானுக்கு இரையாகாதபடி அடியில் கல்; ஆணியின்றிக் கழுந்தும் துளையுமாகப் பொருத்து. பின்புறத்தே புட்டிகளின் உயரத்தை அளந்து வகுத்த தட்டுகள்.

“ஐயா, இவ்வளவு அழகான வேலை என் கைக்கு இதுவரை வந்ததில்லை. பட்டறைக்கு நான்கு திங்கள் கூலிக்குக் குறைவிராது. ஆனால் இரண்டு நாளாக உறக்கமில்லை” என்றார். காரணம் வினவினேம். அவரிடம் பணிபுரியும் ஐவருள் பொருத்து வேலையில் வல்லவர் ஒருவர், குடியினாற் குடும்பம் சீர்குலைந்து, ஈராண்டாக அதனை விட்டொழித்து நிற்பவர். இம்மேடையின் கழுந்துகளெல்லாம் அவர் கையாலேயே அறுபடல் வேண்டும். வேலை முடியும் மாலையில் தொழிலாளர் அனைவர்க்கும் அம்மேடையிலேயே முதல் விருந்து என்று அச்செல்வர் அன்பினாற் சொல்லியும் வைத்துவிட்டார். “நான் குடிப்பவனல்லன், விற்பவனுமல்லன், மரத்தை இழைத்துப் பொருத்துகிறவன். எனக்கு இதில் வினை உண்டா, இல்லையா? சொல்லுங்கள் ஐயா” என்றார்.

விடையை உடனே கூற எமக்கு இயலவில்லை. மறுநாள் காலை இருவேமும் திருக்கோயிலுக்குச் சென்றேம். இவ்வினாவிற்கு வேண்டும் சான்றுகள் மூன்றும் அக்கோயிலிலேயே நிற்பதை அன்றுதான் உணர்ந்தேம்.

முதற்சான்று, கருவறையின் முன் நிற்கும் எருக்கந்தூண்கள் இரண்டும். புழற்கோட்டையை ஆண்ட குறும்பரைத் தொண்டைமான் வென்று, அவர்தம் கோட்டையினின்று கொணர்ந்து நாட்டியவை அவை என்று தலவரலாறு கூறும். பகைவர் கோட்டையில் நின்றபொழுது அத்தூண்கள் தீயவும் அல்ல. இறைவன் முன்னிலையில் நிற்கும் இப்பொழுது தாமே நல்லவும் அல்ல. மரம் சடம்; சடத்திற்கு வினையில்லை. வினையென்பது மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றனையும் கருவியாகக்கொண்டு உயிர் ஈட்டுவது. ஆகவே தேக்கிலும் கருங்கல்லிலும் குற்றம் தேடுதல் வீண். தேடவேண்டிய இடம் அவற்றை வடிவு செய்வோனது கருத்து.

கருத்தை ஆராய்தற்கு இரண்டாஞ் சான்று தொண்டைமானே. படையொடு சென்ற அவனது யானையின் கால்களை முல்லைக்கொடிகள் பிணித்தன. அவற்றை வாளால் வெட்டினான். உள்ளே மறைந்திருந்த சிவலிங்கத்திற் பட்டுக் குருதி பெருகிற்று. செய்தது கொடுஞ்செயல், ஆயினும் அறியாது செய்தது. அறிந்த கணத்தே தன் கழுத்தை அரியத் துணிந்தான். இறைவன் அவனைத் தடுத்தாட்கொண்டதோடு அமையாது, போருக்கு நந்தியையும் துணையாக விடுத்தான் என்பர். இன்றும் இத்தலத்து நந்தி இறைவனை நோக்காது, அவனைப்போலவே கிழக்கு நோக்கி எழுந்தருளியிருத்தலைக் காணலாம். அறியாமையாற் செய்த பிழை, அறிந்தவுடன் உருகும் உள்ளத்திற்குத் தடையாவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாஞ் சான்று சுந்தரமூர்த்தி சுவாமிகள். திருவொற்றியூரில் மகிழின்கீழ் ‘நின்னைப் பிரியேன்’ என்று சங்கிலியார்க்குச் சூளுரைத்த அவர், திருவாரூர் வசந்தவிழாவின் நினைவு மீதூர அவ்வெல்லையைக் கடந்தார், கண்ணொளி இழந்தார். இழந்த கண்ணோடு அவர் வந்து பாடிய தலம் இவ்வடதிருமுல்லைவாயில். அப்பதிகம் ஏழாந் திருமுறையில் உள்ளது. அவர் இறைவனுக்குத் தோழர். அவர் சென்றதும் இறைவனைக் காணுதற்கே. எனினும் சொன்ன சொல்லை அறிந்தே கடந்தமையால், காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் பெறுமளவும் வருந்த நேர்ந்தது. ஒரே தலத்தில் அறியாப் பிழையும் அறிந்த பிழையும் எத்துணை வேறுபட்ட பயன் தந்தன என்பதை எண்ணுமின். தச்சரது வினா இவ்விடத்தே பாதி தீர்கின்றது. ‘இஃது எதற்கென்று அறியேன்’ என்று அவர் சொல்லுதற்கில்லை. வரைபடம் அவர் கையில் இருந்தது.

ஆயினும் அறிந்த அளவானே குற்றம் வருமென்றால் உலகியல் நடவாது. கொல்லன் செய்யும் அரிவாள் ஒருநாள் ஒருவன் கழுத்திற் படலாம் என்பதை அவனும் அறிவான். வாட்பயிற்சி அளித்து, அவ்வருவாயால் அடியாரை உபசரித்த ஏனாதிநாத நாயனார், தாம் கற்பித்த வாளால் உயிர் போதலும் உண்டென்பதை அறியாதவரல்லர். அவரைக் கொல்லவந்த அதிசூரன் கரவாக அணிந்து வந்ததோ திருநீறு. தூயதினும் தூய நீறும் வஞ்சனைக்குக் கருவியாயிற்று; அதனால் நீறு ஆக்குவோரைக் குறை கூறுவார் உளரோ? இலர். ஆகலின் பொருள்களை இருவகையாகப் பகுத்துணர வேண்டும். பல பயனுக்குப் பொதுவாய் நிற்பன ஒருவகை. ஒரு பயனையே குறித்து வடிவு பெறுவன மற்றொருவகை. கத்தி காயையும் அரியும், கழுத்தையும் அரியும். தீப்பயன் பயன்படுத்துவோனது கருத்தால் வந்து சேர்வது. கன்னக்கோலோ வடிவிலேயே களவைத் தாங்கி நிற்பது.

தோட்டத்து மேடை எவ்வகையைச் சார்ந்தது? அதன் அளவுகளை ஒவ்வொன்றாக வினவினால் அவையே விடை கூறும். 42 அங்குல உயரம் எதற்கு? நிற்பவன் முழங்கை ஊன்றிக் கிண்ணம் ஏந்துதற்கு. பித்தளைக் குழாய் எதற்கு? கால் சோராது நெடுநேரம் அங்கேயே தங்குதற்கு. தட்டுகளின் இடைவெளி எதற்கு? புட்டிகளின் வரிசைக்கு. “அந்த மேடையில் இளநீரும் மோரும் பரிமாறலாமே ஐயா” என்று நம் தச்சர் ஒருமுறை கூறிப் பார்த்தார்; கூறிய அவரே நகைத்துவிட்டார். மோர்ப்பந்தலுக்குப் புட்டித் தட்டு எற்றுக்கு?

சித்தாந்த நூலோர் ஒரு காரியத்திற்கு முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்று கூறி, குடத்திற்கு மண்ணையும் திரிகையையும் குயவனையும் முறையே காட்டுவர். மேடையாகிய காரியத்திற்குத் தச்சர் நிமித்தகாரணர். குடியாகிய காரியத்திற்கு அவர் நிமித்தகாரணர் அல்லர். அங்கே குடிப்போனே நிமித்தகாரணன். ஆனால் மேடை அக்குடிக்குத் துணைக்காரணமாகின்றது. அவ்வாறு ஆகவேண்டும் என்னும் கருத்தோடே செய்யப்படுகின்றது. குடித்தவனது வினை முழுதும் தச்சர்மேல் ஏறும் என்பார் கூற்று மிகை. சிறிதும் ஏறாது என்பார் கூற்றும் வழு. புத்தர் இல்லறத்தார்க்கு விலக்கிய வாணிகம் ஐந்தனுள் மயக்கும் பானமும் ஒன்று. மதுவின் பொருட்டுப் பழிக்கப்படுவோரைப் பத்து வகையாக எண்ணும் நபிமொழி, குடிப்போனோடு பிழிவோனையும் சுமப்போனையும் சேர்த்தே எண்ணுகின்றது. சமயம் வேறாயினும், உண்ணும் வாயளவில் இவ்வினை நில்லாதென்பதில் ஒருமைப்பாடு உண்டு. கள்ளுண்ணாமைக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமும், திருமூலர் முதல் தந்திரத்தில் ஒரு பகுதியும் வகுத்தமை நம்மவர் அறிந்ததே. சங்ககாலத்து மன்னரும் புலவரும் கள்ளை வெறுத்திலர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. முன்னோர் செய்தனர் என்பது ஒரு செயலின் வரலாறு, அதன் நியாயமன்று.

இனிச் சில தடைகளை எழுப்பி விடை காண்பாம்.

தனு, கரண, புவன, போகங்களை உயிர்கட்கு அளிப்பவன் இறைவன். கள்ளுண்ணும் வாயும் அவன் தந்ததே. அவனுக்குக் குற்றமில்லையாயின் மேடை தந்த தச்சனுக்குக் குற்றம் யாங்ஙனம் எனின்: இறைவன் தனக்கென ஒன்றும் வேண்டாது, உயிரின் மலம் நீங்குதற்பொருட்டே அவற்றைத் தருகின்றான், நாம் கூலிக்குத் தருகின்றோம். அன்றியும், அவன் தந்த வாய் ஓதுதற்கும் உண்ணுதற்கும் பொதுவாயது. கள்ளுக்கென்றே ஒரு வாயை அவன் எவர்க்கும் படைத்திலன்.

குடிப்போன் தன் பிராரத்தத்தால் குடிக்கின்றான். அதற்கு இடம் செய்து கொடுத்தவன் வெறும் வாயிலே எனின்: வந்தடையும் பயன் அவனது பழவினையே ஆகுக. அப்பயன் வரும் வாயிலாகத் தன்னை அறிந்தே ஒப்புக்கொடுத்தவனுக்கு, அவ்வொப்புதல் புதிய ஆகாமியமாய் ஏறும். ஒருவன் அடிபடுதல் அவன் ஊழ் என்றதனால், அடித்தவன் கை தூயதாகிவிடாது.

அரசு தடுக்காததை யாம் தடுப்பது என்னை எனின்: சேலம் மாவட்டத்தில் 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவை தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுதும் பரந்தது, 1971-இல் தளர்ந்தது, 1974-இல் மீண்டது, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது, 1983-இல் மது வாணிகத்திற்கென ‘டாஸ்மாக்’ என்னும் அரசு நிறுவனமே தோன்றி, 2003 முதல் சில்லறை விற்பனையையும் மேற்கொண்டது. ஒருவன் வாழ்நாளிலேயே இத்தனைமுறை மாறும் ஒன்றை அறத்திற்கு அளவுகோலாகக் கொள்ளுதல் இயலாது. மக்கள் உள்ளத்தே வேறோர் அளவுகோல் உண்டு. 2023-இல் திருமண மண்டபங்களிலும் மது பரிமாற உரிமம் தரலாம் என்று ஒரு விதி எழுந்தபொழுது, கடைகளைப் பொறுத்திருந்த மக்களே அதனைப் பொறுத்திலர். மண்டபத்தளவில் அது கைவிடப்பட்டது. தெருவிற் கிடப்பது வேறு, இல்லத்துள் இருக்கை பெறுவது வேறு என்று அவர்கள் உணர்ந்தனர். தோட்டத்து மேடையும் அத்தகையதே. கடைக்குச் செல்வோன் சிறிதேனும் கூசிச் செல்வான். வீட்டு மேடையோ, ஊஞ்சலும் துளசி மாடமும் போல, இளஞ்சிறார் கண்முன் இயல்பாக நிற்கும்.

‘நான் செய்யாவிடிற் பிறனொருவன் செய்வான், குடி ஒரு கிண்ணமும் குறையப்போவதில்லை’ எனின்: இத்தடையே எல்லாவற்றினும் வலிது, உண்மையுமாவது. ஆனால் இஃது உலகத்துக் குடியின் கணக்கைப் பற்றியதே தவிர, செய்வோனது வினையின் கணக்கைப் பற்றியதன்று. வினை உலகத்தாரெல்லார்க்கும் பொதுவாக எழுதப்படும் பேரேடாயின் இத்தடை வெல்லும். அது தனித்தனி உயிரைப் பற்றித் தொடர்வது. செய்தவனையே நாடிச் சென்றடைவது. பிறன் செய்வான் என்பது மெய்யாயின், அவ்வினை அப்பிறனைச் சாரும். அதனை முந்திக்கொண்டு நாம் ஏற்பதால் யாது பயன்?

இவ்வளவும் கூறியபொழுது தச்சர் தலைகுனிந்து கேட்டிருந்தார். பின்னர் மெல்லத் தலைநிமிர்ந்து, “ஐயா, தவறாக எண்ணக்கூடாது. தங்களுக்கு மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. மதுக்கடைப் பணமும் அதில்தானே போய்ச் சேர்கிறது? அது தங்களுக்கு வினையாகாதா?” என்றார்.

யாம் நெடும்பொழுது வாய்திறந்திலேம். 2023-24-ஆம் ஆண்டில் மட்டும் மதுவினால் தமிழக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. பள்ளிக்கூடச் சுவரிலும் மருத்துவமனைக் கட்டிலிலும் எம் ஓய்வூதியத்திலும் அது கலந்தே வருகின்றது. கலந்த நீரில் இத்துளி அது, இத்துளி இது என்று பிரித்தல் இயலாது. அதனை யாம் கேட்கவில்லை, ஏவவில்லை, நம் கையால் ஆக்கவுமில்லை என்று கூறி ஒருவாறு அமையலாம். காயத்தாலும் வாக்காலும் யாம் அதனைச் செய்திலேம் என்பது மெய்யே. மனத்தாலோ? அதனை நினையாதிருத்தலையே நாற்பதாண்டு வழக்கமாக்கிக் கொண்டோம் அன்றோ? நினைந்து வருந்தாமையும் ஒருவகை உடன்பாடு. தச்சர்க்கும் எமக்கும் உள்ள வேறுபாடு அண்மைக்கும் சேய்மைக்கும் உள்ள வேறுபாடே. தூயோனுக்கும் தீயோனுக்கும் உள்ள வேறுபாடன்று. இதனை அவரிடம் ஒப்புக்கொண்டேம்.

ஒப்புக்கொண்ட பின்னரே எமக்கு வேறொன்றும் விளங்கிற்று. பிறன் கூலியைச் செலவிட்டு அறம் உரைத்தல் மிக எளிது. ‘இவ்வேலையை விடுக’ என்று எம் வாய் சொல்லும்; நான்கு திங்கள் கூலியை இழப்பவர் அவரும் அவருடைய ஐவரும். உரைப்போனுக்கு ஒரு காசும் செலவில்லாத அறவுரை ஏற்போனுக்குப் பெருஞ்சுமையாகும். ஆகவே ‘விடுக’ என்று யாம் கூறவில்லை. “தம்பி, வினை உண்டு, அளவு சிறிது. சுமப்பதும் தவிர்ப்பதும் உன் துணிவு. தவிர்ப்பாயாயின் இழப்பில் ஒரு பங்கு எம்முடையது” என்றேம்.

அவர் இரண்டு நாட் கழித்துச் செல்வரிடம் சென்றார். தோட்டத்தில் நிழற்கூரையும் விசிப்பலகைகளும் உணவு மேசையும் செய்து தருவதாகவும், மதுமேடையும் புட்டித் தட்டும் செய்தல் இயலாதெனவும் பணிவாகக் கூறினார். அச்செல்வர் சினந்திலர், முற்றும் ஒருவரே செய்தாலன்றி வேலை ஒருசீராக அமையாது என்று சொல்லி, வரைபடத்தை வேறொருவரிடம் தந்தார். முன்பணத்திற் பாதி அதற்குள் தேக்கு வாங்கச் செலவாகியிருந்தது. கடன்பட்டே அதனைத் திருப்ப நேர்ந்தது. சொன்னபடி எம் பங்கை ஓய்வூதியத்திலிருந்து திங்கள்தோறும் செலுத்தி வருகின்றோம். இதனை அறம் என்று எழுதோம். எம் கடன் என்றே எழுதுகின்றோம். அப்பொருள் எங்கிருந்து வந்து, எங்குச் சென்று சேர்கின்றது என்பதை ஒவ்வொரு திங்களும் நினைக்க வைப்பதே அதன் பயன்.

அத்தோட்டத்தில் இன்று மேடை நிற்கின்றது, பிறர் செய்தது. அங்கே ஒரு கிண்ணமும் குறைந்ததாகத் தெரியவில்லை. தச்சரின் பட்டறையில் பொருத்து வேலை செய்யும் அந்த ஒருவர் மட்டும் அவ்விருந்துக்குப் போகவில்லை. போகும் நிலையும் அவர்க்கு நேரவில்லை. அவரிடம் இதுபற்றி எவரும் ஒன்றும் கூறிற்றிலர். வாங்கிய தேக்குப் பலகைகள் பட்டறைச் சுவரிற் சார்த்தியபடியே இருக்கின்றன. அவை கதவாகுமோ, கட்டிலாகுமோ, ஊஞ்சலாகுமோ இன்னும் துணியப்படவில்லை. எருக்கந்தூண்களைக் காணுந்தோறும் எமக்கு அப்பலகைகளே நினைவுக்கு வருகின்றன. மரத்திற்கு வினையில்லை, அதனை இழைக்கும் கைக்கு உண்டு, அக்கைக்கு அறம் உரைத்தவனுக்கும் உண்டு.

திருச்சிற்றம்பலம்.